நொய்ஸ் சப்ரெசர்: நொப்பை விட வயரைப் பாருங்கள்

எலக்ட்ரிக் கிற்றாரின் இரைச்சலை அடக்கும் பெடலை (நொய்ஸ் சப்ரெசர்) வாங்குகிறவர்கள் முதலில் கைவைப்பது த்ரெஷோல்ட் நொப்பில்தான், எந்த அளவுக்குக் கீழே சத்தத்தை அடைப்பது என்று வைக்கும் நொப் அது. அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்ப்பார்கள். ஒன்றில் இரைச்சல் போகாது, இல்லையென்றால் வாசிக்கிற சுரம் பாதியில் அறுந்துபோகும். கடைசியில் அலுத்துப்போய் அலுமாரிக்குள் போட்டுவிடுவார்கள். பல வருடமாக ஒரு பொஸ் என்.எஸ்-2ஐப் பாவித்துவருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த நொப்பில் பெரிதாக ஒன்றும் இல்லை. வயர்களை எங்கே குத்துகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

என்.எஸ்-2 வந்தது 1987இல். 2023இல் அதே நிறுவனம் என்.எஸ்-1எக்ஸ் என்ற புதியதை விட்ட பிறகும் என் பெடல் பலகையில் பழையதே இருக்கிறது, மாற்றத் தேவை வரவில்லை.

நான் எங்கே வாசிக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் சொல்வது புரியாது. திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை சீசன். வார இறுதியில் ஹோட்டல்களில் எங்கள் குழுவுக்கு வேலை இருக்கும். ஒரே இரவில் பைலா வேண்டும், பழைய தமிழ்ப் பாட்டு வேண்டும், இரவு ஏறிய பிறகு யாராவது ஒருவர் வந்து ஹெவி மெட்டல் கேட்பார், அதுவும் வேண்டும். சீசன் முடிந்தால் கல்யாண மண்டபம், கோயில் திருவிழா மேடை, பாலையூற்றுப் பக்கம் சேர்ச் நிகழ்ச்சி. மேடைக்கு மேடை கரண்டும் வேறு, அம்பும் (அம்ப்ளிஃபையர்) வேறு. என் கிற்றார் சிங்கிள் கொயில் பிக்கப் போட்டது, தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் அந்த ஒற்றைக் கம்பிச்சுருள் இரைச்சலையும் எளிதில் இழுத்துக்கொள்ளும். சத்தத்தை முரடாக்கும் டிஸ்டோர்ஷன் பெடலை மிதித்தால் பாட்டுகளுக்கு இடையில் அது தன் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கும். எங்கள் கீபோர்ட் அண்ணா ஒருநாள் மைக்கை மூடிக்கொண்டு கேட்டார்: “தம்பி, பாட்டு முடிஞ்ச பிறகும் உன்ர பெட்டி ஏன் பாடுது?”

பெடலுக்குப் போகும் முன் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் இந்தப் பெடல் இரைச்சலை அகற்றுவதில்லை. நீங்கள் வாசிக்காத நேரத்தில் கதவை மூடுகிறது, அவ்வளவுதான். சுரம் ஒலிக்கும்போது இரைச்சலும் அதன் அடியில் சேர்ந்தே போகும். டிஸ்டோர்ஷன் சத்தத்தில் அது காதுக்குத் தெரியாது. ஆனால் டிஸ்டோர்ஷன் இல்லாத கிளீன் தொனியில் ஒற்றைச் சுரம் வாசித்தால், சுரம் தொடங்கும்போது இரைச்சலும் எழுந்து, அது அடங்கும்போது தானும் அடங்குவது நன்றாகத் தெரியும். சும்மா இரைந்துகொண்டிருப்பதை விட அது எரிச்சல்.

எங்கள் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அடித்தொண்டையில் முனகுவது போன்ற சத்தம் என்றால் அது பெரும்பாலும் அந்த 50 ஹேர்ட்ஸ், பக்கத்தில் இருக்கும் ட்ரான்ஸ்போமரில் இருந்து பிக்கப் இழுத்துக்கொள்வது. கிற்றாரைப் பிடித்தபடி மெல்லச் சுழன்று பாருங்கள், ஏதோ ஒரு திசையில் அது சட்டெனக் குறையும். அந்தத் திசையில் நின்று வாசிக்கலாம், காசு செலவில்லை. கரகரவென்று கொஞ்சம் மேலே கேட்டால் 100 ஹேர்ட்ஸ் பக்கம், டிம்மர் லைட், மின்விசிறி ரெகுலேட்டர் போன்றவற்றின் வேலை. உவர்மலையில் என் அறையில் ஃபேன் ரெகுலேட்டரை நடுவில் வைத்தால் கிற்றார் கரகரக்கும், முழு வேகத்தில் வைத்தால் கரகரப்பு இல்லை. வெப்பமான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பயிற்சி செய் என்று எனக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டாம்.

கீச்சென்று மெல்லிய ஊளை கேட்டால் அடப்டரைச் சந்தேகியுங்கள். ஒரே அடப்டரில் இருந்து வால் பிடித்த மாதிரி எல்லாப் பெடலுக்கும் 9 வோல்ட் கொடுக்கும்போது, நடுவில் ஒரு டிஜிட்டல் டிலே (எதிரொலிப் பெடல்) இருந்தால் அதன் சத்தம் டிஸ்டோர்ஷனுக்குள் வந்துவிடும். ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகப் பிரித்த பவர் சப்ளை போட்டதும் என் பலகையில் அந்த ஊளை போய்விட்டது. சப்ரெசரின் த்ரெஷோல்டை நிறையக் குறைக்கவும் முடிந்தது.

எர்த் பற்றி ஒரு வார்த்தை. பழைய மண்டபங்களில் உருண்டை முள் 5 அம்பியர், 15 அம்பியர் சொக்கெட்டுகள் இன்னும் இருக்கின்றன, புதியவற்றில் சதுர முள் 13 அம்பியர். இரண்டுக்கும் நடுவில் நாம் போடும் அடப்டர்களில் எர்த் உள்ளே தொடர்கிறதா என்பது சந்தேகம்தான். இரைச்சல் குறைகிறது என்பதற்காக அம்பின் எர்த் முள்ளைக் கழற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். எர்த் இல்லாத அம்பில் கோளாறு வந்தால் கிற்றார்த் தந்தி முழுக்கக் கரண்ட் இருக்கும், உதடு மைக்கில் பட்டால் போதும். இரைச்சல் இருந்தாலும் பரவாயில்லை, ஆள் இருக்க வேண்டும்.

சரி, இப்போது வயர்.

என்.எஸ்-2இல் நான்கு ஜெக் இருக்கின்றன: இன்புட், சென்ட், ரிட்டர்ன், அவுட்புட். பலர் இன்புட்டையும் அவுட்புட்டையும் மட்டும் பாவித்து, டிஸ்டோர்ஷனுக்குப் பிறகு வரிசையில் ஒரு பெடலாகச் சொருகிவிடுகிறார்கள். அப்போது இரண்டு சிக்கல். முதலாவது, டிஸ்டோர்ஷன் என்பதே சிறிய சத்தத்தைப் பெரிதாக்கி, பெரிய சத்தத்தின் தலையை வெட்டுவது. அதற்குள் போய் வந்த பிறகு, தேய்ந்துகொண்டு போகும் சுரத்துக்கும் இரைச்சலுக்கும் உயர வித்தியாசம் கொஞ்சம்தான் மிஞ்சும். எது சுரம், எது இரைச்சல் என்று பெடலால் பிரிக்க முடியாது. த்ரெஷோல்டை ஏற்றினால் சுரத்தின் வால் போகும், இறக்கினால் இரைச்சல் போகாது. இரண்டாவது, அம்பின் சொந்த பிரீஅம்பில் (சத்தத்தை முதலில் பெரிதாக்கும் பகுதி) கெயின் ஏற்றியிருந்தால், அந்த இரைச்சல் பெடலுக்குப் பின்னால் பிறக்கிறது. முன்னால் நிற்கும் பெடலுக்கு அதோடு ஒரு சம்பந்தமும் இல்லை.

சென்டும் ரிட்டர்னும் இருப்பது இதற்காகத்தான். பெடல் காது கொடுப்பது இன்புட்டில் வரும் சுத்தமான கிற்றார் சத்தத்துக்கு, கதவை மூடுவது ரிட்டர்னில் திரும்பி வரும் சத்தத்துக்கு. தலைவாசலில் ஆள் வருகிறதா என்று பார்த்துப் பின்வாசலைத் திறந்து மூடுகிற காவல்காரன் மாதிரி. டிஸ்டோர்ஷன் ஏறாத கிற்றார் சத்தத்தில் தந்தியின் அதிர்வு எவ்வளவு தேய்ந்தாலும் இரைச்சலுக்கு மேலே தெளிவாகத் தெரியும். ஆகவே த்ரெஷோல்டை மிகக் கீழே வைத்தாலும் போதும்.

எஃபெக்ட்ஸ் லூப் உள்ள அம்ப், அதாவது பின்பக்கத்தில் தனக்கென ஒரு சென்டும் ரிட்டர்னும் உள்ளது, கிடைத்தால் என் இணைப்பு இப்படி. கிற்றாரில் இருந்து ட்யூனர், அதிலிருந்து என்.எஸ்-2 இன்புட். என்.எஸ்-2 சென்டில் இருந்து வாவா, ஓவர்டிரைவ், டிஸ்டோர்ஷன் வழியாக அம்பின் முன்பக்க இன்புட். அம்பின் பின்பக்க சென்டில் இருந்து என்.எஸ்-2 ரிட்டர்ன். என்.எஸ்-2 அவுட்புட்டில் இருந்து டிலே, ரிவேர்ப், அங்கிருந்து அம்பின் பின்பக்க ரிட்டர்ன். தாளில் வரைந்தால் வயர்கள் குறுக்கே போவதால் இதை எக்ஸ் இணைப்பு என்பார்கள், நான்கு வயர் முறை என்றும் சொல்வார்கள். இப்போது டிஸ்டோர்ஷன் பெடலின் இரைச்சலும் அம்பின் பிரீஅம்ப் இரைச்சலும் ஒரே கதவுக்குள் வந்துவிட்டன.

டிலேயும் ரிவேர்ப்பும் அந்தக் கதவுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். உள்ளே வைத்தால் நீங்கள் கையை எடுத்ததும் எதிரொலியும் சேர்ந்து வெட்டுப்படும். நல்ல மெலடி ஒன்றை வாசித்துக் கடைசிச் சுரத்தை விட்டுவிட்டு, டிலே போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரேயடியாக நின்றுபோனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பலகைக்கும் அம்புக்கும் இடையில் மூன்று நீள வயர் ஓடுவதால் தொனியின் கூர்மை போய்விடாதா என்று கேட்பார்கள். போகாது. என்.எஸ்-2இல் பஃபர் (நீள வயரில் சத்தம் மங்காமல் காக்கும் சுற்று) இருக்கிறது, பெடலை அணைத்தாலும் அது வேலை செய்யும், அதற்குப் பிறகு வயர் நீளம் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் ஜெர்மேனியம் ஃபஸ் (பழைய வகை டிஸ்டோர்ஷன் பெடல்) வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும், அந்த வகைக்கு முன்னால் பஃபர் நின்றால் அதன் குணமே மாறிவிடும். மூன்று வயரையும் ஒன்றாகச் சேர்த்து டேப் சுற்றிவிடுங்கள். காலில் தடக்காது என்பது ஒரு காரணம். வயர்கள் அகன்று ஒரு பெரிய வளையம் போட்டுக் கிடந்தால் அதுவே அந்த முனகல் சத்தத்தை இழுத்துக்கொள்ளும் என்பது மற்றக் காரணம். அம்பின் பின்பக்கத்தில் −10, +4 என்று ஒரு சுவிட்ச் இருந்தால் பெடல்களுக்கு −10தான் சரி.

ஹோட்டல்களில் வாடகைக்கு வரும் அம்பில் பெரும்பாலும் லூப் இருக்காது. அதற்காக எக்ஸ் இணைப்பின் பலன் முழுதாகப் போய்விடுவதில்லை. அம்பைக் கிளீனில் வைத்து, என்.எஸ்-2இன் சென்டுக்கும் ரிட்டர்னுக்கும் நடுவில் டிரைவ் பெடல்களை மட்டும் போட்டு, அவுட்புட்டில் இருந்து டிலே, அம்ப் என்று போகலாம். காது சுத்தமான கிற்றாரில், கதவு டிரைவுக்குப் பின்னால், அதே கணக்கு. கடற்கரை மேடைகளில் நான் அதிகம் பாவிப்பது இதுதான். அமைக்க நேரமும் குறைவு.

செட் செய்வதும் எளிது. கிற்றார் வொல்யூமை முழுதாகத் திறந்து, இருப்பதில் பெரிய டிஸ்டோர்ஷனைப் போட்டு, தந்திகளை உள்ளங்கையால் அடக்கிக்கொள்ளுங்கள். த்ரெஷோல்டைப் பூச்சியத்தில் இருந்து மெல்ல ஏற்றினால் ஓரிடத்தில் சத்தம் 'டப்' என்று நிற்கும். அங்கேயே விட்டுவிடுங்கள், ஒரு முடி கூட மேலே வேண்டாம். பிறகு ஒரு சுரத்தை நீளமாகப் பிடித்து, அது எப்படி மறைகிறது என்று கேளுங்கள். மூடும்போது கடிக்கிற மாதிரி இருந்தால் கதவு எவ்வளவு மெதுவாக மூட வேண்டும் என்று வைக்கும் டிகே நொப்பைக் கொஞ்சம் திறக்க வேண்டும். மெட்டல் ரிஃப்புக்கு டிகே முழுக்கக் கீழே, அப்போதுதான் வெட்டு வெட்டாக விழும். லீட் வாசிக்க நடுவில்.

நெடுங்காலம் வைத்திருந்ததில் தெரிந்த குறைபாடு ஒன்று உண்டு, இப்படிக் கதவு மூடும் எல்லா கேட் வகைப் பெடலுக்கும் பொதுவானது. கிற்றார் வொல்யூமைக் குறைத்துத் தொனியை மென்மையாக்கி வாசிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது. சத்தம் த்ரெஷோல்டுக்குக் கீழே இறங்கியதும் கதவு மூடிவிடும். சேர்ச்சில் மெதுவான பாட்டுக்கு வொல்யூமைச் சுண்டுவிரலால் திறந்து திறந்து வாசிப்பேன், அந்த நேரம் பெடல் கட்டாயம் ஓஃப். பைலாவுக்கும் தேவையில்லை. கிளீன் கோர்டை வெட்டி வெட்டி அடிக்கும்போது இரைச்சலைக் கேட்க யாருக்கு நேரம்? ஆக, ஒரு முழு இரவில் அது உண்மையில் வேலை செய்வது நாலைந்து பாட்டுக்கு. அந்த நாலைந்து பாட்டில் அது இல்லாமல் முடியாது.

இரைச்சல் குறைந்த இரட்டைச் சுருள் பிக்கப் போட்ட ஹம்பக்கர் கிற்றாருக்கு மாறினால் த்ரெஷோல்டையும் மாற்ற வேண்டும். சிங்கிள் கொயிலுக்கு வைத்த அளவை அப்படியே விட்டால் தேவைக்கு மேல் கடிக்கும்.

மோட் சுவிட்சை ரிடக்ஷனில் இருந்து மியூட்டுக்கு மாற்றினால், பெடலை மிதித்ததும் சத்தம் முழுக்க நிற்கும். கிற்றார் மாற்றும்போது அந்த வயர் கழற்றும் வெடிச்சத்தம் வராமல் இருக்க நல்லது. மேடையில் இருட்டில் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் மிதித்தால் நீங்களே காணாமல் போவீர்கள், அவ்வளவுதான்.

பெடலின் உடம்பைப் பற்றிப் புகார் ஒன்றும் இல்லை. ஆனால் இது திருகோணமலை. மூன்று பக்கமும் கடல். வாடைக்காற்றுத் தொடங்கி மழை பிடித்துவிட்டால் ஜெக் பின்னின் நுனியில் பச்சைக் களிம்பு ஏறும், கழுத்தில் உள்ள கறுப்பு வளையத்தின் ஓரமாகப் பொடிப்பொடியாக நிற்கும். எக்ஸ் இணைப்பில் வயர்களும் கூட, ஆகவே பிழைக்கக்கூடிய இடங்களும் கூட. துணியில் கொஞ்சம் ஐசோப்ரோபைல் தொட்டுத் துடைத்துவிட்டு, ஜெக்குக்குள் கொன்டாக்ட் கிளீனரை ஒரு தடவை அடித்து, பின்னைச் சில முறை குத்தி எடுத்தால் சரியாகும். ரேடியோ திருத்தும் கடைகளில் அந்த ஸ்ப்ரே கிடைக்கும். டபிள்யூ.டி-40இன் சாதாரண டின்னை அடிக்காதீர்கள், அது எண்ணெய்ப் பசையை விட்டுவிடும், அதில் தூசி ஒட்டும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. ஒருநாள் சத்தம் திடீரென்று மெலிந்து, தட்டினால் திரும்பி வந்தால், சப்ரெசரைத் திட்டுவதற்கு முன் அம்பின் லூப்பைப் பாருங்கள். லூப்பில் ஒன்றும் குத்தாதபோது சத்தம் அம்பின் ரிட்டர்ன் ஜெக்குக்குள் இருக்கும் ஒரு சிறு தொடுகை வழியாகத்தான் போகும். உப்புக்காற்றில் அது கறுத்துவிட்டால் சத்தம் விட்டுவிட்டு வரும். சோதிக்க வழி: பெடல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அம்பின் சென்டையும் ரிட்டர்னையும் ஒரு குட்டி வயரால் இணையுங்கள். சத்தம் நிமிர்ந்து நின்றால் குற்றவாளி அந்த ஜெக், கிளீனர் அடித்தால் போதும்.

புதிது வாங்க வசதி இல்லாவிட்டால் பாவித்தது எடுக்கலாம், நானும் அப்படித்தான் எடுத்தேன். பார்க்கப் போகும்போது கிற்றார் வயரோடு இரண்டு குட்டி வயரும் ஒரு டிஸ்டோர்ஷன் பெடலும் கொண்டு போங்கள். விற்பவர் இன்புட், அவுட்புட்டை மட்டும் குத்திக் காட்டுவார். நீங்கள் டிஸ்டோர்ஷனைச் சென்டுக்கும் ரிட்டர்னுக்கும் நடுவில் போட்டு வாசியுங்கள், வாசிக்கும்போது அந்த இரண்டு பின்னையும் லேசாக ஆட்டிப் பாருங்கள். பலர் தொட்டே இராத ஜெக்குகள் அவை, களிம்பு அங்கேதான் இருக்கும். கரகரத்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.