டிஜிலாக்கரில் பட்டச் சான்று: சேவை நல்லது, இனிஷியலைக் கவனியுங்கள்

ஓசூருக்கோ கோவைக்கோ வேலைக்குப் போகும் சேலத்துப் பிள்ளைகள் ஒரிஜினல் சர்டிபிகேட்டைத் தூக்கிக்கொண்டு அலையாமல் இருக்க டிஜிலாக்கர் என்ற அரசின் இணைய ஆவணப் பெட்டகம் உண்மையிலேயே உதவுகிறது. கட்டணம் கிடையாது. பல்கலைக்கழகமே பதிவேற்றி, 'இஷ்யூடு' பகுதியில் வரும் சான்று சட்டப்படி ஒரிஜினலுக்குச் சமம். நீங்களாக ஸ்கேன் செய்து ஏற்றியது வெறும் நகல்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போகாதீர்கள்.

கணக்குத் திறப்பது எளிது. டிஜிலாக்கரில் நுழைந்து 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' (படிப்பில் சேரும் கிரெடிட் புள்ளிகளைச் சேர்த்துவைக்கும் கணக்கு) என்று தேடி, நிறுவனம், சேர்ந்த ஆண்டு, பதிவு எண் கொடுத்தால் 12 இலக்கக் கணக்கு எண் கிடைக்கும். இணைப்புக் கல்லூரியில் படிப்பவர்கள் நிறுவனம் என்ற இடத்தில் பட்டம் தரும் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; இந்தப் பக்கத்துக் கலைக் கல்லூரிகள் பலவற்றுக்கு அது பெரியார் பல்கலைக்கழகம்.

சிக்கல் வருவது பெயரில். மதிப்பெண் பட்டியலில் 'எம். செல்வி', ஆதாரில் 'செல்வி முருகன்' என்றிருந்தால் சான்று இழுபறியாகிவிடும். இனிஷியல் வைக்கும் நம் ஊர் வழக்கத்துக்கு இந்த அமைப்பு இன்னும் பழகவில்லை. இதுதான் இதன் பெரிய குறை. பத்தாம் வகுப்புச் சான்றைக் காட்டி ஆதாரைத் திருத்துவதே சுலபமான வழி. ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். எழுத்துக்கு எழுத்து, புள்ளி, இடைவெளி உட்படச் சரிபார்த்துவிட்டுக் கொடுங்கள்.

கல்லூரி அலுவலகங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாணவர் பட்டியலை எக்செலில் அடிக்கும்போது அந்த 12 இலக்கக் கணக்கு எண் 1.23E+11 என்று சுருங்கித் தெரியும். அப்படியே சிஎஸ்வி என்ற எளிய எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் பின்பாதி இலக்கங்கள் தொலைந்துபோகும். அதற்குப் பிறகு செல்லை அகலப்படுத்தினாலும் அவை திரும்பி வராது. பதிவு எண்ணின் முன்னால் உள்ள பூஜ்ஜியமும் இப்படித்தான் காணாமல் போகிறது. அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' ஆக மாற்றிவிட வேண்டும். சேமித்த கோப்பை மறுபடி எக்செலில் திறக்காமல் நோட்பேடில் திறந்து பாருங்கள். எக்செலில் திறந்தாலே அதே பழுது திரும்பவும் வரும்.

ஏற்காடு மலைக் கிராமத்து மாணவர்களுக்கு இன்னொரு தடை, ஓடிபி. ஆதாரோடு இணைத்த எண் அப்பாவின் பழைய சிம்மாக இருந்து அதுவும் நின்றுபோயிருந்தால் கணக்கே திறக்காது. மலையிறங்கி ஆதார் மையத்தில் விரல் ரேகை வைத்து எண்ணைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். முதல் செமஸ்டர் கட்டணம் கட்டும் வாரத்திலேயே கல்லூரி இந்தக் கணக்கு எண்ணைக் கேட்டு வாங்கிவிட்டால், இறுதியாண்டில் பரீட்சைக்கு நடுவே பிள்ளைகளை அலையவிட வேண்டியிருக்காது.