பில்லில் அனோடைசிங் 20 மைக்ரான், ஜன்னலில் வெறும் காஸ்டிக் கழுவல்

உவரியில் கடலை ஒட்டிய வீட்டுக்குப் போட்ட அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல். பில்லில் ‘சில்வர் அனோடைஸ்டு, 20 மைக்ரான்’, அதாவது அலுமினியத்தின் மேல் மின்சாரத்தால் வளர்த்த 0.02 மில்லிமீட்டர் ஆக்சைடு படலம். இரண்டாம் வருஷமே கீழ் டிராக்கில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. கேட்டால், “உப்புக்காத்து அண்ணாச்சி, யாரு போட்டாலும் இப்படித்தான்” என்கிறது பட்டறை. பாதிதான் உண்மை.

அந்த வெள்ளைப் பொடிப்பை ஊசியால் நெம்பிப் பாருங்கள். அடியில் குண்டூசி முனையளவு வாய், உள்ளே அகலமான குழி. சுற்றிலும் பளபளப்பு அப்படியே இருக்கும். காஸ்டிக் சோடா முகம் முழுக்கச் சீராகத் தின்னும். உப்பிலுள்ள குளோரைடோ, இயற்கையான ஆக்சைடு படலம் பலவீனமான இடமாகப் பார்த்துத் துளைக்கும். குழிக்குள் கரைந்த அலுமினியம் அங்கிருக்கும் நீரை அமிலமாக்கும், அது இன்னும் குளோரைடை உள்ளே இழுக்கும். மேலே துடைத்தாலும் உள்ளே வேலை நிற்காது.

இதைத் தடுக்கத்தான் அனோடைசிங். 15 முதல் 20 சதவீதக் கந்தக அமிலத் தொட்டியில், 20 டிகிரி வாக்கில், சதுர டெசிமீட்டருக்கு 1.5 ஆம்பியர் கொடுத்தால் 20 மைக்ரானுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். பிறகு படலத்தின் நுண்துளைகளை அடைக்கக் கொதிநீரில் சீலிங், மைக்ரானுக்கு 2, 3 நிமிஷம். கரண்டும் விறகும் மிச்சம் பிடிக்க, காஸ்டிக்கில் முக்கி மேட் ஆக்கி, லாக்கர் (வார்னிஷ் மாதிரிப் பூச்சு) அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

சரக்கை இறக்கும்போதே மல்டிமீட்டரை பீப்பில் (மின்சாரம் பாய்ந்தால் கத்தும் நிலையில்) வைத்து, இரண்டு முனையையும் முகப்பில் லேசாகத் தொடுங்கள். குத்திக் கீறக் கூடாது. வெட்டுமுனை எப்படியும் கத்தும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். முகப்பில் கத்தினால் அனோடைசிங் படலமே இல்லை. கத்தாவிட்டால் தின்னர் நனைத்த பஞ்சால் தேயுங்கள், பிசுபிசுத்தால் லாக்கர். அதிலும் தேறினால் ஒரு சொட்டுப் பேனா மை, 5 நிமிஷம் விட்டுக் கழுவுங்கள்; கறை நின்றால் சீலிங் செய்யவில்லை. மைக்ரானை மட்டும் தடிமன் மீட்டர்தான் சொல்லும். பில்லில் ஐஎஸ் 1868 (அனோடைசிங்குக்கான இந்தியத் தரக் குறியீடு), மைக்ரான், சீலிங் மூன்றும் எழுதி வாங்குங்கள்.

நல்ல அனோடைசிங்கையும் கெடுக்க வழி உண்டு: டைல்ஸ் கழுவும் ஆசிட், ஈரச் சிமெண்டுச் சாந்து, உப்புப் போர்த் தண்ணீர். ஏசியின் செம்புக் குழாயிலிருந்து சொட்டும் நீர் பட்டால் இன்னும் மோசம். அதில் வரும் துளிச் செம்பே குழியைத் துவக்கிவிடும்.