முதுமலை வேன் சஃபாரி: புலி பாக்கல, ஆனாலும் 4 ஸ்டார்

முதல்லயே சொல்லிடறேன், புலி பாக்கல. வால் கூட கண்ல படல. 2022 கணக்கெடுப்புல 114 புலி இருக்குன்னு வந்துச்சே, அதுல ஒண்ணு கூடவா வராதுன்னு என் மச்சான் திரும்பி வர்ற வழியெல்லாம் புலம்பிட்டே வந்தாரு.

ஆனா கணக்கு போட்டு பாருங்க. புலிகள் காப்பகம் மொத்தம் 688 சதுர கிமீ, அதுல கோர், அதாவது புலிக்குன்னே ஒதுக்கின உள்காடு மட்டும் 321. 2012ல சுப்ரீம் கோர்ட் கோர் ஏரியால டூரிசத்தையே கொஞ்ச மாசம் நிறுத்தி வச்சுது, அப்புறம் தேசிய புலிகள் பாதுகாப்பு ஆணையம் ரூல்ஸ் போட்டாங்க, கோர்ல 20 சதவீதத்துக்கு மேல டூரிஸ்ட்டுக்குன்னு ஒதுக்கக்கூடாதுன்னு. அந்த துண்டுல தான் தெப்பக்காட்டுல இருந்து நம்ம வேன் சுத்துது, மிச்ச காடு புலிக்கு. நாம டிக்கெட் எடுத்திருக்கோம்னு அதுக்கு தெரியுமா என்ன?

வேன்ல இருந்து எறங்க விடமாட்டாங்க, அதுவும் சரிதான். நாங்க பாத்தது புள்ளிமான் கூட்டம் கூட்டமா, ஒரு காட்டுமாடு (ரோட்ட விட்டு நகரவே மாட்டேன்னு நின்னுச்சு, டிரைவர் ஹாரன் அடிக்காம இஞ்சின ஆஃப் பண்ணிட்டு அதுவா போற வரைக்கும் காத்திருந்தாரு, இதுக்கே அரை ஸ்டார் தனியா குடுக்கலாம்), மலை அணில், அப்புறம் ஒரு எடத்துல மந்தி திடீர்னு கத்த ஆரம்பிச்சுது (புலி, சிறுத்தை பக்கத்துல வந்தா அப்படித்தான் கத்தும்), டிரைவர் கைய தூக்கி எல்லாரையும் அமைதியா இருக்க சொன்னாரு, மூச்சு விடாம உக்காந்திருக்கோம், கரெக்டா அந்த நேரம் பின் சீட்ல ஒருத்தர் போன்ல ரிங்டோன். சைலன்ட்ல போடுங்கய்யா, புண்ணியமா போகும்.

நான் கவனிச்ச இன்னொண்ணு, பாதி எடத்துல ரெண்டு பக்கமும் உண்ணிச்செடி பொதர் மாதிரி மண்டி கெடக்கு. பூ அழகா இருக்குன்னு பின்னாடி ஒரு அக்கா போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க. அது நம்ம ஊரு செடியே இல்ல, அதுக்கு அடியில புல்லு மொளைக்காது, புல்லு இல்லன்னா மான் எங்க போகும்? மஞ்சக்கொன்னையும் இதே கதை தான். அத வெட்டி எடுக்கற வேலைய அரசு ஆரம்பிச்சிருக்கு, ஆனா ஒரு வருஷத்துல முடியற வேலை இல்ல அது.

சாயங்காலம் தெப்பக்காடு யானை முகாம்ல தீனி போடறத மிஸ் பண்ணாதீங்க. ராகி, கொள்ளு, வெல்லம் எல்லாம் சேத்து கவளம் கவளமா உருட்டி, எந்த யானைக்கு எவ்ளோன்னு பாத்து பாத்து வாய்லயே வைக்கறாங்க. என் பொண்ணுக்கு புலி மறந்தே போச்சு.

ஒரு ஸ்டார் கொறைச்சது காட்டு நடுவுல ஓடற ஊட்டி-மைசூர் ஹைவேக்காக. 20 சதவீதம்னு நமக்கு கணக்கு பாக்கறாங்க, லாரி காருக்கு பகல்ல ஒரு கணக்கும் இல்ல. கர்நாடகா பக்கம் பந்திப்பூர்ல 2009ல இருந்து ராத்திரி 9 டு காலைல 6 ரோட்ட மூடறாங்க, அது மட்டும் இல்லன்னா எத்தன மான் அடிபட்டிருக்குமோ.

அப்புறம் நாங்க தங்குன பக்கம் ஒரு ஜீப்காரர் வந்து "நைட் சஃபாரி போலாமா சார், லைட் அடிச்சு காட்டறேன்"னு கேட்டாரு. போயிடாதீங்க. அப்படி ஒண்ணு சட்டப்படி கெடையவே கெடையாது, மாட்டினா ஃபைன் உங்களுக்கும் தான். மச்சான் போலாம்னு தான் நின்னாரு, எங்க அக்கா ஒரு மொற மொறச்சதும் அடங்கிட்டாரு.

நீலகிரிக்கு இ-பாஸ் 2024 மே மாசத்துல இருந்து இருக்கு, கெளம்பறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க. பிப்ரவரி, மார்ச்ல போறவங்க போன் பண்ணி கேட்டுட்டு போங்க, காடு ரொம்ப காஞ்சு போச்சுன்னா தீ பயத்துல சஃபாரியவே நிறுத்தி வச்சிடுவாங்க.