ரஷ்: ‘மூவிங் பிக்சர்ஸ்’ஸா, ‘பவர் விண்டோஸ்’ஸா?

கனடாவைச் சேர்ந்த மூவர் ராக் இசைக்குழுவான ரஷ் 1981-க்கும் 1985-க்கும் இடையில் ஒலியை அடியோடு மாற்றிக்கொண்டது; ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். இந்த இரண்டு ஆல்பங்களில் எதில் தொடங்குவது என்று தயங்குபவர்களுக்கு:

சின்தசைசர்
மூவிங் பிக்சர்ஸ் (1981): இந்த மின்னணு கீபோர்டு துணைக்கு மட்டும். ‘டாம் சாயர்’ பாட்டின் தொடக்கத்தில் வரும் அந்த உறுமல் ஓபர்ஹைம் நிறுவனத்தின் சின்தசைசருடையது.
பவர் விண்டோஸ் (1985): அடுக்கடுக்காக, சாம்ப்ளர்களோடு (பதிவுசெய்த ஒலிகளை வாசிக்கும் கருவிகள்). ‘மாரத்தான்’ பாட்டில் கோரஸும் சேர்கிறது.

கிதார்
மூவிங் பிக்சர்ஸ்: தடித்த, முன்னால் நிற்கும் ஒலி.
பவர் விண்டோஸ்: மெல்லிய, பளிச்சென்ற கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டுகள்).

சண்டையே இங்கேதான். டிஸ்டார்ஷன் (கரகரப்பு) ஏற்றிய கிதாரும் அகலமான சின்த் கார்டும் ஒரே நடு அலைவரிசையில் மோதும். ஏதாவது ஒன்று ஒதுங்கியாக வேண்டும். 1982-இன் ‘சிக்னல்ஸ்’ ஆல்பத்தில் ஒதுங்கியது கிதார். கிதார் அமுங்கிவிட்டது என்ற அந்தக் குறை நியாயமானதே. ஆனால் அதையே ‘பவர் விண்டோஸ்’ மேல் சுமத்துவது தவறு. அதிலுள்ள ‘தி பிக் மணி’யை நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள்: கிதார் கலைஞர் அலெக்ஸ் லைஃப்சன் சின்த் விட்ட இடைவெளிகளில் கூர்மையாக வெட்டி வாசிக்கிறார்.

நீளம்
மூவிங் பிக்சர்ஸ்: ‘தி கேமரா ஐ’ சுமார் 11 நிமிடம்.
பவர் விண்டோஸ்: எதுவும் ஏழு நிமிடத்தைத் தொடாது.

தாளச் சிக்கலும் மூவரின் நேரடி மோதலும் வேண்டுமென்றால் முதலாவது. அதிலுள்ள ‘ஒய்ஒய்இசட்’ என்ற வாத்திய இசை ஒன்றே போதும். மெட்டும் ஒலி அடுக்கும் பிடிக்கும் என்றால் இரண்டாவது. சின்த் ஒத்துவராதவர்கள் 1989-இன் ‘பிரெஸ்டோ’வுக்குத் தாவலாம், அதில் கிதார் மீண்டும் முன்னே வருகிறது.