நாலு வருடமாக நாங்கள் எழுதும் நேர நோட்டு

திருச்சி கே.கே. நகரில் எங்கள் தெருவில் ஐந்து வீட்டுக்காரர்கள் மாதம் ஒருமுறை மொட்டை மாடியில் கூடுவோம். சாப்பாடு, பிள்ளைகள் படிப்பு என்று பேச்சு நன்றாகத்தான் போகும். ஆண், பெண் என்று விஷயம் வந்துவிட்டால் சண்டைதான். 2021-இல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று அரசு அறிவித்தது. ஊரடங்கு தளர்ந்து நாங்கள் மறுபடி கூடிய அன்று அதைப் பற்றிப் பேச்சு வந்தது. "வீட்டுல சும்மா இருக்கறவங்களுக்கு எதுக்கு?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். இரண்டு குடும்பங்கள் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கப்புறம் ஆரம்பித்ததுதான் இந்த நோட்டு.

மத்திய அரசு 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்த யோசனை இது. காலை 4 மணியிலிருந்து மறுநாள் காலை 4 மணி வரை ஒருவர் என்னென்ன செய்தார் என்று அரை மணி அரை மணியாகக் குறித்தார்கள். நாங்களும் 48 கோடு போட்டுக்கொண்டோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு வேலை நாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும், பெரியவர்கள் எல்லோரும் எழுத வேண்டும். மாடியில் அவரவர் நோட்டை வைத்துத்தான் பேச வேண்டும். "இந்தக் காலத்துப் பொண்ணுங்க", "ஆம்பளைங்க எல்லாருமே" என்று யாராவது தொடங்கினால், "எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று கேட்போம்.

முதல் தடவை என் கணவர் 6-லிருந்து 8 வரை நீளமாக ஒரு கோடு இழுத்து, "வீட்டு வேலையில் உதவி" என்று எழுதியிருந்தார். என்ன வேலை என்று கேட்டதும் உட்கார்ந்து யோசித்தார். மோட்டார் போட்டது, பையனை வேன் ஏற்றிவிட்டது. மீதி ஒன்றேகால் மணி நேரம் செய்தித்தாள். அவர் பொய் எழுதவில்லை. நான் அடுப்படியில் ஓடிக்கொண்டிருந்தபோது அவரும் விழித்திருந்தார், அதனால் இருவருமாகச் செய்ததாகவே அவர் மனதில் பதிந்திருந்தது. அன்றிலிருந்து நோட்டில் "உதவி" என்ற சொல் கிடையாது, வேலையின் பெயரைத்தான் எழுத வேண்டும். நாலு வருடத்தில் எங்களுக்கு அதிகம் பயன்பட்டது இந்த ஒரு மாற்றம்தான்.

அப்புறம் கணக்கெடுப்பின் எண்களையே எடுத்துப் பேசினோம். சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று இருந்தது. "97 நிமிஷமா? பரவால்லையே அக்கா" என்றார் மாடி வீட்டுத் தம்பி. வங்கியில் வேலை பார்க்கும் எதிர்வீட்டு அக்கா அடுத்த வரியைக் காட்டினார். அந்த 97, வீட்டு வேலை செய்த ஆண்களை மட்டும் வைத்துப் போட்ட சராசரி. அப்படிச் செய்தவர்கள் ஆண்களில் 26.1 சதவீதம், பெண்களில் 81.2 சதவீதம். செய்யாதவர்களையும் சேர்த்தால் ஆணுக்கு 25 நிமிடமும் பெண்ணுக்கு 243 நிமிடமும் வருகிறது. அன்று யாரும் குரலை உயர்த்தவில்லை.

தம்பி மட்டும், "அப்ப சம்பள வேலையையும் கணக்குல சேருங்க" என்றார். கேட்டது நியாயம். அவருக்குத் துவாக்குடியில் ஷிப்ட் வேலை. போக வர நேரத்தோடு 11 மணி நேரம். நைட் ஷிப்ட் வாரத்தில் தூக்கம் மூன்று துண்டாக நாலரை மணி நேரம்தான். அவரைச் சோம்பேறி என்று சொல்லிவந்த அக்கா, அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு எல்லோர் முன்னாலும் வருத்தம் தெரிவித்தார்.

எல்லாவற்றுக்கும் நோட்டு உதவும் என்று சொல்ல மாட்டேன். கணவர் சவுதியில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். எங்களில் மூத்தவரான சார் பதினைந்து வருடம் குவைத்தில் இருந்தவர். "வெயில்ல நின்னது நான்" என்றபோது அவர் குரல் உடைந்தது. அந்த வருடங்களுக்கு நோட்டு ஏது? அவர் மனைவி மெதுவாகச் சொன்னார்: "கொத்தனார் கூட நின்னது நான். ரெண்டு பேருக்கு டைபாய்டு வந்தப்ப ஆஸ்பத்திரியில இருந்ததும் நான். உங்களுக்கு லெட்டர்ல எழுதினது அதுல பாதிகூட இல்ல." சார் வெகுநேரம் பேசவில்லை. சரிபாதி என்பதை அவர் இன்றும் ஏற்கவில்லை. ஆனால் "சும்மா இருந்தா" என்று அதற்குப் பிறகு அவர் சொல்லிக் கேட்டதில்லை.

குறை என்றால் இரண்டு. மறுநாள் எழுதினால் நினைவு தன் பக்கமே சாயும், அன்றன்றே எழுதிவிட வேண்டும். இன்னொன்று பெரியது: நினைவில் வைத்திருக்கும் வேலை எந்தக் கோட்டிலும் வராது. சிலிண்டர் எப்போது தீரும், மாமியாரின் பிரஷர் மாத்திரை எத்தனை மிச்சம், பள்ளி ஃபீஸுக்குக் கடைசி நாள் எது என்பதெல்லாம் சட்னி அரைக்கும்போதே மனதில் ஓடுவது. போன வருடம் ஓரத்தில் "யார் ஞாபகம்?" என்று ஒரு பத்தி சேர்த்தோம். என் நோட்டில் அது ஒரே நாளில் நிரம்பியது. கணவரின் பத்தியில் வண்டி இன்சூரன்ஸும் இ.பி. பில்லும் இருந்தன. இப்போது மாத்திரையும் அவர் பத்தியில் இருக்கிறது, இரண்டு தடவை மறந்தார், அப்புறம் மறக்கவில்லை.

இதுவரை எழுதியதெல்லாம் சாதாரண நாட்கள். இந்த முறை போகியன்று எழுதுவதாக முடிவு செய்திருக்கிறோம். ஐந்து வீட்டுக்கும் நோட்டு வாங்கியாகிவிட்டது.