படிவமா, பக்கத்தில் நிற்பதா? மரத்தொழிலாளருக்கு என்ன பயிற்சி வேண்டும் என்று பார்க்கப் போன கதை

மரந்தறிக்கிறவர்களுக்கும் மரக்காலைகளில் வேலை செய்கிறவர்களுக்கும் ஏதாவது பயிற்சி கொடுக்கலாம் என்று எங்கள் சங்கத்தில் ஒரு சிறு தொகை ஒதுக்கினார்கள். என்ன பயிற்சி என்று கண்டுபிடிக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். வழி மூன்று: வினாக்கொத்துப் படிவம் அடித்துக் கொடுப்பது, ஆட்களைக் கூப்பிட்டுக் கூட்டம் வைப்பது, வேலை நடக்கிற இடத்துக்கே போய்ப் பக்கத்தில் நின்று பார்ப்பது. மூன்றையும் செய்தோம். நான் இப்போது மூன்றாவது கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கூட்டத்தைச் சுருக்கமாக முடிப்போம். முதலாளியும் வேலையாளும் ஒரே வாங்கில் இருந்தால் வேலையாள் வாய் திறக்க மாட்டார். பிளேன்டீ நன்றாக இருந்தது. ஆனால் ஒரு விசயம் கூட்டத்தில்தான் வந்தது: பழைய வளவு மரங்களுக்குள் யுத்தகாலத்துச் செல் துண்டும் துப்பாக்கி ரவையும் கிடக்கும், பட்டை வளர்ந்து மூடியிருக்கும், அரியும்போது வாள் பல்லு பறக்கும் என்று ஒரு வயதானவர் சொன்னதும் மற்றவர்களும் ஆளுக்கொரு கதையோடு தொடங்கினார்கள். தடிக்குள் இரும்பு கிடக்கிறதா என்று அரிய முன்னம் பார்க்கப் பழக்குவது ஒரு பயிற்சித் தேவை என்று படிவம் அடிக்கும்போது எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

தோன்றாததற்குக் காரணம், பெரிய தோட்டக் காடுகளுக்கென்று செய்த மாதிரி ஒன்றைப் பார்த்துத்தான் நாங்கள் படிவம் அடித்தோம். நாற்றுமேடை, நடுகை, ஐதாக்கல் (நெருக்கமாக நிற்கும் மரங்களைக் குறைப்பது), அறுவடை என்று அழகாகப் பிரிவு பிரிவாக இருந்தது. மணற்காட்டுச் சவுக்கு போல ஒன்றிரண்டை விட்டால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அப்படிக் காடு எங்கே இருக்கிறது? எங்கள் ஆட்கள் கை வைப்பது வேலிப் பூவரசு, வளவு வேம்பு, பனை, பிறகு வன்னியிலிருந்து வரும் முதிரை, பாலை, தேக்கு. பனையையே எடுங்கள். அதன் வைரம் வெளிச்சுற்றில், உள்ளே வெறும் சோறு. மரத்தைச் சாய்க்கும்போது நடுவில் ஒரு பட்டி அறுக்காமல் விடவேண்டும், அது விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கவேண்டும் என்று மற்ற மரங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடத்தை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது.

சரி, என்னை மூன்றாவது வழிக்குத் திருப்பியது ஒரு மெஷின் வாளின், அதுதான் செயின்சோவின், சங்கிலி. ‘மெஷின் வாள் பராமரிப்பில் உங்களுக்குப் பயிற்சி தேவையா?’ என்ற கேள்விக்கு ஏறக்குறைய எல்லோரும் ‘இல்லை’ என்பதில் புள்ளடி போட்டிருந்தார்கள். அது பொய்யும் இல்லை. பிளக் துடைக்கிறார்கள், எயார் பில்டர் தட்டுகிறார்கள், பெற்றோலுக்குள் ஒயில் அளவாகக் கலக்கிறார்கள், பராமரிப்பு என்றால் அவர்களுக்கு அதுதான்.

அப்புறம் ஒரு நாள் கரவெட்டிப் பக்கம் ஒரு வளவில் வேம்பு தறிக்கிற இடத்தில் போய் நின்றேன். தீட்டிய சங்கிலி மரத்தைச் சீவித் தள்ளும், தேங்காய்ப்பூ மாதிரிக் கீழே விழும். இங்கே விழுந்தது மா. இடியப்பத்துக்குக் குழைக்கலாம் போல அவ்வளவு நைசு. பிடித்திருந்தவர் உடம்பு முழுவதையும் மெஷினில் சாய்த்து அமத்திக்கொண்டிருந்தார், வாளடியில் புகை, வெட்டு நேரே போகாமல் வலப்பக்கம் வளைந்துகொண்டு போனது. நிறுத்தியபோது கேட்டேன்:

“அண்ணை, சங்கிலி மொட்டை போலை கிடக்கு?”

“மொட்டையே? மரம் வைரம், தம்பி. நான் இருபது வருசமாப் பிடிக்கிறன்.”

அவர் தீட்டுவதையும் பார்த்தேன். உருண்டை அரத்தால் தீட்டவேண்டியதற்குத் தட்டை அரம். ஒரு பக்கத்துப் பற்களுக்கு நாலு இழுப்பு, மறுபக்கத்துக்குக் கை சோர்ந்து இரண்டு. வெட்டு ஏன் வளைகிறது என்பதற்கு விடை அதிலேயே இருந்தது, ஒரு பக்கத்துப் பல் நீளமாகவும் மற்றது குட்டையாகவும் ஆகிவிட்டால் வாள் ஒருபக்கம் இழுக்கத்தான் செய்யும். பல்லுக்கு முன்னால் நிற்கிற சின்னக் கொம்பையும் இடைக்கிடை அராவ வேண்டும், இல்லாவிட்டால் பல் எவ்வளவு கூராக இருந்தாலும் மரத்தில் ஏறாது. அதை அவர் தொட்டதேயில்லை, நான் போன மற்ற இடங்களிலும் ஒருவரும் தொடவில்லை. இதனால் பெற்றோல் கூடப் போகிறது, சங்கிலி தேய்கிறது, கை அதிர்ந்து பின்னேரத்தில் விரல் மரத்துப்போகிறது. இவ்வளவுக்கும் அவர் மரத்தைத்தான் குறை சொல்கிறார். குறை இருப்பதே தெரியாத ஒருவரிடம் ‘பயிற்சி தேவையா’ என்று கேட்டு என்ன காண்பது?

அனுபவத்துக்குச் சான்றிதழ் கொடுக்கிற தேசிய தொழில் தகைமை முறையிலும், முன்பு கற்றதை அங்கீகரிப்பதற்கு ஆளைச் செய்து காட்டச் சொல்கிறார்கள்.

பக்கத்தில் நிற்பதில் சள்ளை இல்லாமல் இல்லை. ஒரு இடத்துக்கு ஒரு முழு நாள் போகும். யாராவது கொப்பியோடு வந்து நின்றால் அரசாங்க ஆள் என்ற பயம் வேறு. 2019 இல் செயின்சோக்களைப் பொலிஸில் பதியச் சொன்னதிலிருந்து மெஷினை எட்டிப் பார்க்கிறவரையே சந்தேகமாகப் பார்க்கிறார்கள், அதனால் முதல் நாள் கொப்பியை வெளியே எடுக்காதீர்கள். பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் ஆட்கள் மாறியும் நடப்பார்கள். ஒருவர் முதல் அரை மணித்தியாலம் சப்பாத்தோடு நின்றார், வெயில் ஏறச் செருப்புக்கு மாறினார். மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நின்றால்தான் உண்மை தெரியும்.

நான் பார்த்தது மரந்தறிப்பும் நாலு மரக்காலைகளும் மட்டும். தச்சுப்பட்டறைக்கு இரண்டு முறைதான் போனேன், நாற்றுமேடைப் பக்கம் போகவேயில்லை, அங்கே என் கதை பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நுவரெலியாவில் வனவியல் நிறுவனத்தில் படித்துவிட்டு வருகிற உத்தியோகத்தர்களுக்கோ ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் வனவியல் படித்து வருகிறவர்களுக்கோ என்ன தேவை என்று அறியவேண்டுமானால் படிவமே போதும் என்றுதான் நினைக்கிறேன். வரைபட மென்பொருள் தெரியாது, சட்டத் திருத்தம் புரியவில்லை என்று அவர்களால் எழுதித் தரமுடியும்.

எங்கள் படிவத்தையும் நான் எறியவில்லை. வயது, எத்தனை வருட வேலை, வீட்டை விட்டு ஒரு கிழமை தங்க முடியுமா, நாட்கூலி போனால் சமாளிக்க முடியுமா, இவற்றுக்கு அதைவிட மலிவான வழி கிடையாது. கிழமைக்குள் இருநூறு பேரைப் பார்க்கவேண்டும் என்றால் நானும் படிவத்தைத்தான் எடுப்பேன். ஆனால் ‘பயிற்சி தேவையா’ என்பதை வெட்டிவிட்டு, ‘கடைசியாக எப்போது தீட்டினீர்கள், எந்த அரத்தால்?’ என்று போடுங்கள். முதலாளியின் மேசையில் வைத்து நிரப்ப விடாதீர்கள். எங்களுக்கு வந்ததில் பாதி ஒரே கையெழுத்தில் இருந்தது.