ரங்கூனில் கல்யாணப் படம் வரையக் கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன மாதம் 6 லட்சம் கியாட் கொடுத்து ஏமாந்தேன். எண்ணெய் வண்ண ஓவியம் என்று சொல்லி, கித்தான் துணியில் பிரின்ட் எடுத்து, மேலே பசை தடவிக் கொடுத்துவிட்டார்கள். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இந்த வேலை ஒரு கடையோடு நிற்காது என்பதால் நடந்ததை முழுதாகச் சொல்கிறேன்.

என் தோழிக்குக் கொன்சேடான் தெருக் காளியம்மன் கோயிலில்தான் கல்யாணம். மாப்பிள்ளையும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். கல்யாணப் படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போய், கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு படம். கூட்டத்தில் நின்ற யாரோ கைப்பேசியில் எடுத்து வைபரில் அனுப்பியது. அதிலும் மாலை தாலியை மறைக்கிறது. டியூப்லைட்டில் அரக்குப் பட்டு ரோஸ் நிறமாகிவிட்டது. மாப்பிள்ளை தோளுக்குப் பின்னால் யாருடைய கையோ நீட்டிக்கொண்டிருக்கிறது. ஓவியர் கையில் கொடுத்தால் இதையெல்லாம் சரிசெய்யலாம், முதல் கல்யாண நாளுக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்று ஆசைப்பட்டேன்.

கடைச் சுவரில் மாட்டியிருந்தவை நிஜமான ஓவியங்கள். அவற்றைப் பார்த்துத்தான் நம்பினேன். வரைகிறவரைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "அவர் வீட்டிலிருந்து வரைகிறார்" என்றார் கடைக்கார மமா (பர்மியத்தில் அக்கா). மாலையைக் கொஞ்சம் ஒதுக்கித் தாலி தெரிய வேண்டும், பட்டு அரக்காக வேண்டும், அந்தக் கை இருக்கக் கூடாது என்று மூன்றையும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கைப்பேசியில் பணம் அனுப்பும் கேபேயில் 4 லட்சம் முன்பணம் அனுப்பினேன்.

ஐந்தே நாளில் படம் தயார் என்று அழைப்பு வந்தது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எண்ணெய் வண்ணத்தில் இருப்பது ஆளிவிதை எண்ணெய். அது தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி மெல்ல இறுகும். தடித்துப் பூசிய இடம் காய வாரக்கணக்கில் ஆகும். கடைசி வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுக்கச் சொல்வார்கள். இந்த மழைக்காலத்தில் ஐந்து நாளில் சட்டம் போட்டு, கொஞ்சமும் எண்ணெய் வாடை இல்லாமல் ஒரு ஓவியம் வருகிறதென்றால் அது எண்ணெய் ஓவியமே இல்லை. இதெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

என்னை வரச் சொன்னது சாயங்காலம். கரண்டு இல்லை. சார்ஜ் விளக்கில் காட்டினார்கள். தடவிப் பார்த்தேன், தூரிகைத் தடம் மேடும் பள்ளமுமாகக் கையில் பட்டது. மீதி 2 லட்சத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோது முதலில் தெரிந்தது அவள் முகம். என் தோழி நல்ல கறுப்பு. அந்த முகத்துக்கு அப்படி ஒரு அழகு. படத்தில் இருந்தவள் வெள்ளை வெளேரென்று யாரோ ஒருத்தி. உதட்டுக்குக் கீழே உள்ள மச்சமும் இல்லை. பணம் போனதைவிட இதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. கேட்காமலே ஒருத்தியின் நிறத்தை மாற்ற இவர்கள் யார்?

பிறகு மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. தூரிகைத் தடம் கன்னத்தில் வளையவில்லை. கண், மாலை, தூண் எல்லாவற்றின் மேலும் ஒரே திசையில் ஓடியது. புடவைக் கரையில் குட்டிக் குட்டிக் கட்டங்கள். வைபரில் வந்த படத்தைப் பெரிதாக்கினால் தெரியும் அதே கட்டங்கள். எந்த ஓவியர் அதை உட்கார்ந்து வரைவார்? தாலி மறைந்தபடியே இருந்தது. பின்னாலிருந்த கையும் போகவில்லை.

போஜோ சந்தையில் கடை முன்னாலேயே உட்கார்ந்து வரையும் ஒரு வயதான சயாவிடம் (ஓவிய ஆசானிடம்) எடுத்துப் போனேன். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து என்னையே பார்க்கச் சொன்னார். நீலம், ரோஸ், மஞ்சள் என்று ஊசிமுனைப் புள்ளிகள், எல்லாம் பிரின்டர் மை. மேலே இருந்தது கண்ணாடி மாதிரி காயும் அக்ரிலிக் பசை. அதைத்தான் தூரிகையால் இழுத்திருக்கிறார்கள். பிரின்ட் என்று சொல்லி, பிரின்ட் விலைக்கு விற்றால் அதில் குற்றமில்லை. எனக்கு அப்படிச் சொல்லவில்லை.

கடைக்குத் திரும்பப் போனேன். "இதுவும் கையால் பூசியதுதானே" என்றார் மமா. வவுச்சரில் "படம் 1" என்று மட்டும் எழுதியிருந்தது. 50,000 தருவதாகச் சொன்னார், நான் வாங்கவில்லை. அன்றிரவே வைபரில் என்னை பிளாக் செய்துவிட்டார். நீங்கள் கொடுப்பதாக இருந்தால் "எண்ணெய் வண்ணத்தில் கையால் வரைந்தது" என்று வவுச்சரில் எழுதி வாங்குங்கள். பாதி வேலையில் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். மீதிப் பணத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகு கொடுங்கள்.

இப்போது அந்தச் சயாவே வரைகிறார். முன்பணத்துக்கு முன்னால் அவர் கேட்டது வேறு: "படம் ஒன்றுதான் இருக்கிறது, ஆனால் பெண் இதே ஊரில்தானே இருக்கிறாள்? ஒரு மணி நேரம் கூட்டி வா." திங்கட்கிழமை சந்தை கிடையாது. செவ்வாய்க்கிழமை அதே அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு வருவதாகத் தோழி சொல்லியிருக்கிறாள்.